கழுவிக் காயவைத்த உலக்கைகள்

12.06.2007, செவ்வாய்

மழை. சைக்கிளில் போனதில் சப்பாத்துக்குள் தண்ணீர்.

ஆய்வுகூடத்தில் ஹும்மல் பரிசோதனை முடிவுகள் வந்துவிட்டன. தக்காளிக் கண்ணாடிவீட்டில் பூவுக்குப் பூ பறக்கும் அந்தக் கொழுத்த மயிர்த்தேனீக்கள். பன்னிரண்டு கூட்டுப் பெட்டி. பன்னிரண்டிலும் குடல் ஒட்டுண்ணி.

ஆய்வுகூடத் தலைவர் டொக்டர் உல்ரிகேக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மே மாதம் ஆற்றங்கரையில் பிடித்த காட்டு ஹும்மலின் ஒட்டுண்ணியும் இதுவும், மரபணுவில் எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஓர் அபூர்வ மாற்றம்கூட அப்படியே. "வெளியிலிருந்து உள்ளே புகுந்திருக்கிறது! கட்டுரை எழுதலாம்!" என்னைக் கட்டிப்பிடித்தார்.

மிளகாய்த்தூள் முடிந்தது. பாலும்.

13.06, புதன்

வெயில். சிவம் அண்ணை போன். கண்ணாடிவீட்டில் பெட்டிகளைப் பராமரிப்பவர், மாதிரி கொண்டுவந்து தந்தவரும் அவர்தான்.

"தங்கச்சி, வெள்ளிக்கிழமை காலமை பன்ரெண்டு பெட்டியையும் ஐஸ் அறையிலை வைச்சுச் சாகடிக்கச் சொல்லிப்போட்டினம். உண்மையே?"

"ஓம் அண்ணை, ரிசல்ட் அப்பிடித்தான்."

"எல்லாம் நல்லாத்தானே பறக்குதுகள். சரி, நீங்கள் படிச்ச ஆக்கள்."

அவர் குத்திச் சொல்லவில்லை. எனக்குக் குத்தியது.

பின்னேரம் வெறும் தயிர் டப்பாக்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டு நின்றேன். கை அப்படியே நின்றுவிட்டது.

உலக்கைகள்.

ஹும்மல் குடலை அரைக்கும் விரலளவு பிளாஸ்டிக் உலக்கை. ஒருமுறை அரைத்தால் எறிய வேண்டும். எனக்கு எறிய மனம் வராது. இந்த வீட்டில் ஐஸ்கிரீம் டப்பாவுக்கே பத்து வருட ஆயுள். மே மாதத்து உலக்கைகளைக் கழுவி, நீராவியில் அவித்து, காயவைத்து, திரும்ப உலக்கைப் பெட்டியிலேயே போட்டேன். இந்தப் பன்னிரண்டையும் அரைத்தது அவற்றால்தான். அவித்தால் கிருமி சாகும். மரபணுத் துணுக்கு ஒட்டிக்கொண்டே இருக்கும். இது எனக்குத் தெரியாததா? தெரியும். பழக்கம் கையை ஓட்டிவிட்டது.

ஒப்பிட்டுப் பார்க்க வைத்த வெறும் தண்ணீர்ச் சோதனைக்குழாய் சுத்தமாக வந்ததே என்றால், அதை நான் அரைக்கவேயில்லை. தண்ணீரில் அரைக்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன். மடைச்சி.

14.06, வியாழன்

மேகம். என் வேலை ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது. நீட்டிக்கக் கையெழுத்து வைக்க வேண்டியவர் உல்ரிகே. பயமாக இருக்கிறது.

காலையில் கணவரிடம் சொன்னேன். "சொல்லாட்டி ஆருக்குத் தெரியப்போகுது?" என்றார். தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, "உம்மடை முகமே சொல்லிப்போடும்."

ஏழரைக்கே ஆய்வுகூடம். புது உலக்கைப் பொதி உடைத்தேன். பெட்டிக்கு ஒரு ஹும்மல் மிச்சம் இருந்தது, நல்லகாலம். தண்ணீரையும் அரைத்தேன். பழைய உலக்கையால் ஒன்று, புதியதால் ஒன்று.

மூன்று மணி. பழைய உலக்கைத் தண்ணீர்: பளிச்சென்று ஒட்டுண்ணி மரபணுவின் கோடு. புதியது: ஒன்றுமில்லை. பெட்டிகளில் பதினொன்று சுத்தம். ஏழாவதில் மட்டும் கோடு.

நின்றபடியே சொன்னேன். உல்ரிகே கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருக்கும். கோடுகள் விழுந்த படத்தை இரண்டு தரம் பார்த்தார். கண்ணாடிவீட்டுக்குப் போன் எடுத்தார். ஒப்பந்தம் பற்றிப் பேச்சில்லை. நானும் கேட்கவில்லை.

15.06, வெள்ளி

காற்று. 6.40க்கு சிவம் அண்ணை. "ஏழாம் நம்பரை மட்டும் ஐஸிலை வைச்சிட்டன், தங்கச்சி. மற்றதுகளைத் திறந்துவிட்டாச்சு. கேக்குதே?" போனைப் பெட்டிப் பக்கம் பிடித்திருப்பார். ஒரே இரைச்சல். அழுகை வந்துவிட்டது.

கழுவிய உலக்கைகள் எல்லாம் குப்பையில்.

பத்து மணிக்கு உல்ரிகே வந்தார். செய்முறைக் கோப்பில் நடந்ததை எழுதி, என் பெயரும் போடச் சொன்னார். உங்களுக்குத்தான் தெரியுமே, பிறகு யாருக்கு என்று கேட்டேன்.

"ஜூலையில் உங்கள் இடத்துக்கு வருபவருக்கு."

நாலு வரி எழுதினேன். கடைசி வரி: தண்ணீரையும் அரைக்கவும்.