நிலைக்காலில் ஒரு கீறல்

லண்டன்
12.3.1995

அன்புள்ள பூரணம் அத்தைக்கு,

ராதாகிருஷ்ணன் வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? பேத்தி இந்திரா ஒழுங்காகப் படிக்கிறாளா?

தீபாவளிக்கு வந்தபோது உங்கள் வீட்டு நிலைக்காலில் இருந்த கீறலை டேப் வைத்து அளந்தேனே, நினைவிருக்கிறதா? "இது எழுபத்தொன்னு வெள்ளமா அத்தை?" என்று கேட்டேன். "ஆமாடா, மறப்பேனா?" என்றீர்கள். அந்த நாலரை அடி என் ஆராய்ச்சியில் ஏறிவிட்டது. எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் ஏறும், எவ்வளவு நாசமாகும் என்று கணக்குப் போட்டுப் படம் வரைவதுதான் எங்கள் வேலை. இன்சூரன்ஸ் கம்பெனிகள் இப்படிப்பட்ட கணக்கைப் பூட்டி வைத்துக்கொள்ளும். தெருவில் குடியிருப்பவனுக்கு ஒன்றும் தெரியாது. எங்கள் பல்கலைக்கழகம் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்து விட்டிருக்கிறது. யாரும் படிக்கலாம், நகல் எடுக்கலாம். உங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புகிறேன். கிள்ளானில் நம் தெரு சிவப்பு, அதாவது வெள்ள அபாயம் மிக அதிகம்.

இதைச் சாக்காக வைத்தாவது அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாதா? உங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது இடுப்பளவு தகர வேலிதானே.

அன்பு மருமகன்,
ராதா


கிள்ளான்
2.4.1995

தம்பி ராதாகிருஷ்ணனுக்கு அத்தை பூரணம் ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

தீபாவளிக்கு வந்து போனவன் மாசியில்தான் கடிதம் போடுகிறாய். பரவாயில்லை, எழுதி வைத்துக்கொண்டேன். மூட்டுவலி அப்படியே இருக்கிறது. அதுவாவது என்னை விட்டுப் போகாமல் இருக்கிறதே.

உன் புத்தகத்தை இந்திரா படித்துச் சொன்னாள். நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்று எழுதியிருக்கிறாயாம். எனக்கு ஒரு தடவை வந்ததே போதும்.

செவ்வாய்க்கிழமை உன் அப்பன் மில்லுக்கு இன்சூரன்ஸ்காரன் வந்தான். நான் வேலி ஓரம் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

"அங்கிள், இந்தத் தெரு சிவப்பு லா. வெள்ளத்துக்கு இனிமே இன்சூரன்ஸ் குடுக்க முடியாது."

"எவன்யா சிவப்படிச்சான்?"

"உங்க மகன்தான் அங்கிள். பேரு போட்டிருக்கு, பாருங்க."

அன்று மத்தியானம் மில்லு ஓடவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

வேலி வேலி என்று எழுதுகிறாய். அதை எதற்குப் போட்டேன் என்று உன் அப்பனைக் கேள்.

அத்தை பூரணம்


லண்டன்
20.4.1995

அன்புள்ள அத்தைக்கு,

அப்பா போன் செய்தார். இதற்கு முன் அவர் அழுது நான் கேட்டதில்லை. ஜூன் கடைசிக்குள் வெள்ள இன்சூரன்ஸ் காட்டாவிட்டால் மில்லை ஏலம் விடுவோம் என்று கடன் கொடுத்த பாங்கில் சொல்லிவிட்டார்களாம். அப்பா என்பதற்காக நான் படத்தின் நிறத்தை மாற்ற முடியாது. அளவு தப்பாக இருந்தால் மட்டுமே மாற்றலாம்.

என் நண்பன் ஒருவனை நம் தெருவுக்கு அனுப்பினேன். உங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது கட்டடம், பழைய கிளினிக். அதன் சுவரில் எழுபத்தொன்றில் ஏறிய தண்ணீரின் அடையாளம் இருக்கிறது. ஒரே ஒரு அடிதான். மூன்று வீடு தள்ளி நாலரை அடி எப்படி நிற்கும்? தண்ணீருக்குப் படிக்கட்டு ஏறத் தெரியாது அத்தை.

உங்கள் ஞாபகத்தை நம்பித்தான் என் பெயரைப் போட்டிருக்கிறேன். எது தப்பு? அப்பாவிடம் வேலியைப் பற்றிக் கேட்டேன். "பழைய கதை" என்று போனை வைத்துவிட்டார். நீங்களாவது சொல்லுங்கள்.

ராதா


கிள்ளான்
9.5.1995

தம்பி ராதாவுக்கு,

உன் கடிதத்தைப் பத்து நாள் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தேன். இன்றைக்குத்தான் எடுத்தேன்.

கோடு பொய்யில்லை. வீடுதான் வேறே.

அப்போது உனக்கு ஐந்து வயசு. நாங்கள் தலைநகரத்தில், பிரிக்பீல்ட்ஸில் ஆற்றோரம் பலகை வீட்டில் இருந்தோம். ஜனவரி ஐந்தாம் தேதி, காலை ஒன்பது மணி, தண்ணீர் வாசலுக்கு வந்துவிட்டது. உன் அப்பன் லோரி கொண்டுவந்தான். அந்தத் தெருவில் அவனுக்கு ஒரு கடை இருந்தது. எங்களை ஏற்றாமல் கடை அரிசி மூட்டையை ஏற்றினான். "முழங்கால் தண்ணிதானே மச்சான், மூட்டைய இறக்கிட்டு இதோ வந்துர்றேன்" என்றான். வந்தது சாயங்காலம். அதுவரை உன் மாமா நாகையா என் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு அந்த நிலையைப் பிடித்து நின்றார். காய்ச்சல் வந்தது, இருபதாம் நாள் போய்விட்டார். காரியத்தன்று ஊரே கேட்க உன் அப்பன் சொன்னான், "முழங்கால் தண்ணிக்கு யாராச்சும் சாவாங்களா?"

அன்றைக்குத்தான் கத்தியை எடுத்துச் சேற்றுக்கோட்டின் மேலேயே கீறினேன். உன் தாத்தா நிலத்தில் பாதி என்னுடையது என்று கிள்ளானுக்கு வந்தபோது அந்த நிலையைக் கழற்றி லோரியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். நான் மஞ்சள் குங்குமம் வைத்த நிலை, அதை விட்டுவிட்டு வருவேனா? புது வீட்டில் அதையே நட்டேன். அவன் தினமும் பார்க்கட்டும் என்று அவன் வாசலைப் பார்த்து நட்டேன்.

நீ அளந்தபோது உன்னை ஏமாற்ற நினைக்கவில்லை. எழுபத்தொன்றா என்று கேட்டாய், ஆமாம் என்றேன். எந்த வீடு என்று நீ கேட்கவில்லை. படத்தை இந்திரா படித்தபோதுதான் புரிந்தது. அப்போது வாயை மூடிக்கொண்டேன். அது நான் செய்ததுதான். இல்லை என்று சொல்ல மாட்டேன்.

பூரணம்


லண்டன்
24.5.1995

அத்தைக்கு,

எந்த வீடு என்று கேட்காதது என் தப்பு. அதைத் திருத்தத்தில் அப்படியே எழுதியிருக்கிறேன், எல்லோரும் படிக்கும்படி. இங்கே இரண்டு பேர் சிரித்தார்கள். ஆனால் தெரிந்த பிறகும் ஐந்து வாரம் பேசாமல் இருந்தீர்களே, அதை என்னால் சுலபமாக விழுங்க முடியவில்லை.

நம் தெரு இப்போது மஞ்சள். அப்பாவுக்கு இன்சூரன்ஸ் கிடைத்துவிடும். பிரிக்பீல்ட்ஸ் ஆற்றோரத்துக்கு என்னிடம் ஒரு அளவும் இல்லாமல் இருந்தது. கம்ப்யூட்டர் இரண்டு அடி என்று சொல்லியிருந்தது. உங்கள் கீறலை அங்கே வைத்தேன். அங்கே இன்றும் குடியிருப்பவர்கள் இனி நாலரை அடிக்குத் தயாராக இருக்க வேண்டும்.

அப்பாவுக்கும் ஒரு பிரதி அனுப்பிவிட்டேன். பிரிக்பீல்ட்ஸில் நாலரை அடி என்ற வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருக்கிறேன்.

ராதாகிருஷ்ணன்


கிள்ளான்
18.6.1995

அன்புத் தம்பி ராதாவுக்கு,

பேரை முழுசாகக் கையெழுத்துப் போட்டிருந்தாய். கோபம் என்று தெரிந்துகொண்டேன். இருக்கட்டும். ஆனால் ரொம்ப வருஷம் வைத்துக்கொள்ளாதே, உடம்புக்கு ஆகாது. எனக்குத் தெரியும்.

மில்லு மறுபடி காலை ஆறு மணிக்கே ஓடுகிறது. தூக்கம் போச்சு.

போன ஞாயிற்றுக்கிழமை உன் அப்பன் இராமலிங்கம் என் முன்வாசலுக்கு வந்தான். கையில் நீ அனுப்பிய தாள். நிலைக்காலில் முதுகை ஒட்டி நின்றான். கோடு அவன் கழுத்துக் குழிக்கு வந்தது. தொட்டுப் பார்த்தான். "முழங்கால்னு சொன்னேன்லக்கா" என்றான். நான் உட்காரச் சொல்லவில்லை. குனிந்து நிலையின் அடியைப் பார்த்தான், கரையான் அரித்திருந்தது. போய்விட்டான்.

நேற்று ஒரு டின்னில் கரையான் மருந்தும் பிரஷுமாக வந்தான். கேட்காமலே அடியிலிருந்து பூச ஆரம்பித்தான். வயசாகிவிட்டது அவனுக்கு. பிரஷ் மேலே மேலே வந்தது. நான் எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்றேன்.

"கோட்டுல படாம அடிடா" என்றேன்.

இருபத்துநாலு வருஷத்தில் அவனிடம் நான் பேசியது அவ்வளவுதான். "சரிக்கா" என்றான்.

உன் அத்தை,
பூரணம்