மல்லாக்கப் பிடித்த மீன்

ஹாப்பயார்வி, பின்லாந்து
மே 9

அன்பு மகள் ஹில்காவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், அவளுடைய முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. ஏரியில் பனிக்கட்டி போன வாரம்தான் உடைந்தது. ஆஸ்திரேலியாவில் கோடை முடிந்தும் பெர்த்தில் வெயில் தாங்கவில்லை என்று எழுதியிருந்தாய், தண்ணீர் நிறையக் குடி, காபியைத் தண்ணீரோடு சேர்த்து எண்ணாதே.

என் பிறந்தநாளுக்கு நீ அனுப்பிய பழைய படம் வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், நம் மீன்குஞ்சுப் பண்ணையில் நீ வேலை பார்த்த கோடை. ஒரு குஹா மீன்குஞ்சை மல்லாக்கப் பிடித்து வயிற்றுத் துடுப்பை வெட்டுகிறாய். அம்மா அதைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னாள், நான்தான் மூன்று நாள் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எந்த அளவுக் குஞ்சு ஏரியில் பிழைக்கிறது என்று பார்க்க, சுண்டுவிரல் நீளத்தில் ஆயிரம், உள்ளங்கை நீளத்தில் ஆயிரம் விட்டோமே, சின்னதுக்கு இடது துடுப்பு, பெரியதுக்கு வலது துடுப்பு வெட்டி அடையாளம். இடக்கைப் பக்கம் வெட்டு, வலக்கைப் பக்கம் வெட்டு என்று எல்லாரையும் ஏவியது நான்தான். நீ ஒருத்திதான், "மல்லாத்திப் பிடிச்சா பக்கம் மாறிடாதாப்பா?" என்று கேட்டாய். "நீ கத்திரியப் பிடி, கணக்க நான் பாத்துக்கறேன்" என்று ஆட்கள் முன்னால் உன்னை அடக்கினேன். அவர்கள் சிரித்தார்கள். அடுத்த கோடைக்கு நீ பண்ணைப் பக்கம் வரவில்லை, பிறகு ஊருக்கு வருவதும் குறைந்தது.

மூன்று வருஷம் கழித்து வலையில் வந்த மீன்களை, நீந்துகிற வாக்கில் நிமிர்த்திப் பிடித்துப் பார்த்தோம். பெரும்பாலும் இடது துடுப்பு இல்லாதவை. சின்னதுதான் பிழைக்கிறது என்று எழுதிவிட்டேன். மல்லாக்கப் பிடித்தால் நம் இடக்கைப் பக்கம் வருவது மீனின் வலது துடுப்பு என்பது இந்தப் படத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. உண்மையில் பிழைத்தது பெரியது. அன்றிலிருந்து ஏரிச் சங்கம் என் பேச்சை நம்பி வருஷா வருஷம் சுண்டுவிரல் குஞ்சுகளையே விட்டது, ஏரியில் உள்ள வேட்டை மீன்களுக்கெல்லாம் ஒன்பது வருஷம் விருந்து வைத்திருக்கிறேன். வலை காலியாகவே வருவதால், குஞ்சு விடுவதையே நிறுத்திவிடலாமா என்று சனிக்கிழமை கூட்டத்தில் ஓட்டெடுக்க இருந்தார்கள். நான் வாயைத் திறக்காவிட்டால் என் பேர் பிழைக்கும், ஏரியில் குஹா இருக்காது. அம்மாவிடம் சொன்னேன். "எழுந்து சொல்லிடுங்க, காபி ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்றாள்.

சொன்னேன். படத்தைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினேன், நீ கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் ஒளிக்கவில்லை. நம் ஊர்க்காரர்களை உனக்குத் தெரியுமே, முதலில் ஏலக்காய் ரொட்டியை மென்று முடித்தார்கள். கடைசியில் சங்கத் தலைவர் தௌனோ, "சரி, இந்த வருஷம் கொஞ்சமா விட்டாலும் பெருசா விடுவோம். கூடவே சின்னதும் ஒரு ஆயிரம் அடையாளம் போட்டு விட்டு, மறுபடி பாத்துடுவோம். ஆனா வெய்க்கோ, இந்தத் தடவ நீ கத்திரியப் பிடி. கணக்க உம் மக பாக்கட்டும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

அன்று உன்னை அடக்கியது என் தப்பு, மகளே. மீனுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நீயும் உன் வீட்டுக்காரரும் ஒரு குறையும் இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் துடுப்பு வெட்டுகிறோம், மறந்துவிடாதே, டிக்கெட்டை இப்போதே பார். புது நோட்டு வாங்கி உன் பேரை எழுதி வைத்திருக்கிறேன்.

உன் அப்பா,
வெய்க்கோ