கதவைத் திறந்தவள்

14-8-1995, திங்கள்

பத்திரிகைக்கு இந்த மாதப் பேய் காமிக்ஸ் விமர்சனத்தை மாலையே எழுதிவிட்டேன். கடலில் செத்த கணவன் வந்து கதவைத் தட்டுகிறான். பேயென்று தெரிந்தும் மனைவி திறக்கிறாள். 'பேயின் முகம் வெந்த கத்தரிக்காய். போகட்டும், எவளாவது கதவைத் திறப்பாளா? நம்பும்படி இல்லை' என்று முடித்திருந்தேன்.

நான் லாத்தா என்றழைக்கும் என் அக்கா, பீடி சுற்றும் தட்டை ஒதுக்கிவிட்டுப் புத்தகத்தையும் படித்தாள், விமர்சனத்தையும் படித்தாள்.

"ஏம்லே, தொறக்க மாட்டாளா?"

"பேய்லா லாத்தா அது!"

"பேயா வந்தாலும் வந்துட்டாவல்லா."

லாத்தாவின் கணவர், சவூதி போன மச்சானிடமிருந்து கடிதம் வந்து ஒரு வருஷமாகிறது. விமர்சனத்தின் கடைசி வரியை அடித்துவிட்டேன்.

படுக்குமுன் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போடப் போனேன்.

"இருக்கட்டும்லே," என்றாள் லாத்தா. "நா பொறவு போட்டுக்கிடுதேன்."