கொடுத்துவிட்டுப் போன சாவி

9 பிப்ரவரி 2004

லேப் கம்ப்யூட்டருக்கு இன்று பாஸ்வேர்டு போட்டார்கள். டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தவர்களின் ரிசல்ட் எல்லாம் இனி அதற்குள்தான். டாக்டர் பழனிசாமி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “உங்களுக்கும் எனக்கும் மட்டுந்தானுங்க. வீட்டுக்காரர்கிட்டகூட வேண்டாம்.”

வீட்டுக்காரரிடம் அதையும் சொன்னேன். செகண்ட் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவர் சிரித்தார். “என் சுகர் எவ்ளோன்னு எனக்கே தெரியும். உன் பாஸ்வேர்டு எனக்கு எதுக்கு?”

நான் அடிக்கும் எழுத்துகள் திரையில் வெறும் நட்சத்திரங்களாகத் தெரிகின்றன. பிடித்திருந்தது. நான் மட்டும் காக்க வேண்டியது என்று இதுவரை எனக்கு எதுவும் இருந்ததில்லை. குவார்ட்டர்ஸ் வீட்டுக்காரரின் கம்பெனியுடையது. பீரோ மகள் ஷைனிக்கும் எனக்கும் பொது. வெளியூர் போனால் வீட்டுச் சாவிகூட எதிர் குவார்ட்டர்ஸ் தனத்திடம்தான் இருக்கும். அவள் வீட்டின் இன்னொரு சாவி எப்போதும் எங்கள் காலண்டர் ஆணியில்.

21 பிப்ரவரி

தனம் தன் மகன் பாலகுமாருக்குப் பெண் பார்க்கிறாள். “நம்ம வெள்ளைச்சாமி சார் பொண்ணு நித்யா. நர்சரி ஸ்கூல்ல டீச்சரா இருக்குது. நீ என்ன சொல்ற சகாயம்?”

“நல்ல குடும்பம்தான்” என்றேன். பொய்யில்லை.

நித்யா ஆறு மாதத்துக்கு ஒருமுறை லேபுக்கு வருகிறாள். வலிப்பு மாத்திரையின் அளவு சரியாக இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்க. “எட்டு வருசமா வலிப்பு வரவே இல்லக்கா” என்று கையை நீட்டிக்கொண்டே அவளே சொன்னாள். டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் அவர்களுக்கு எல்லாம் இலவசம். ஆனால் அங்கே கொடுத்தால் பிளாக் முழுக்கத் தெரிந்துவிடும் என்றுதான் மந்தாரக்குப்பத்தில் எங்கள் லேபுக்கு அனுப்பிக் காசு கொடுத்துப் பார்க்கிறார் அவள் அப்பா.

அது அவர்கள் சொல்ல வேண்டியது, நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஷைனியை ஒரு வீட்டில் கொடுக்கும்போது தனத்துக்கு அந்த வீட்டைப் பற்றி ஏதாவது தெரிந்திருந்து, அவள் வாய் திறக்காமல் இருந்தால்?

தெரியவில்லை. இதை இங்கே எழுதுவதுகூடச் சரியா?

6 மார்ச்

சேத்தியாத்தோப்பில் தங்கை வீட்டுக்காரருக்கு ஆபரேஷன். நாளை போகிறேன், மூன்று நாள் லீவு. டாக்டரும் சென்னையில். சாயங்கால ரிப்போர்ட்டுகளை யார் எடுத்துக் கொடுப்பது? தனம்தான். இந்த மாதம் ஒன்றாம் தேதி அவளை லேப் கவுண்டரில் சேர்த்துவிட்டதே நான்தானே.

கேட்டருகே நின்று வீட்டுச் சாவியைக் கொடுத்தேன். கூடவே பாஸ்வேர்டையும் சொன்னேன். “ரோஜாவுக்குச் சாயங்காலம் தண்ணி ஊத்து. ரிப்போர்ட் பிரிண்ட் மட்டும் எடு.”

“எழுதி வெச்சுக்கட்டா?”

“வேணாம், மனசுல வெச்சுக்கோ.”

அந்த அளவுக்கு ஜாக்கிரதை.

10 மார்ச்

வந்துவிட்டேன். ரோஜாவில் மொட்டு. ரிப்போர்ட்டுகளும் ஒழுங்காகப் போயிருக்கின்றன. தனம் இல்லாவிட்டால் என்ன செய்வேன்.

19 மார்ச்

நித்யா வேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம். ஜாதகம் பொருந்தவில்லை என்றாள் தனம். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. நிம்மதி எதற்கு என்று யோசிக்கவில்லை.

2 ஏப்ரல்

சாயங்காலம் நித்யாவின் அம்மா பேச்சியம்மாள் லேபுக்கு வந்தார். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றிருந்துவிட்டு என் மேசைக்கு வந்தார்.

“சிஸ்டர், ஸ்கூல்ல எம்புள்ளைய இனிமே வர வேண்டாம்னுட்டாங்க. வகுப்புல விழுந்துட்டா புள்ளைங்க பயப்படுமாம். பொண்ணு பாக்க வந்தவுக வீட்டுல இருந்துதான் சேதி போயிருக்கு. அவுகளுக்கு யார் சொன்னா?”

“நான் சொல்லலம்மா.”

“உங்களுக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும்னு டாக்டரே சொன்னாக. டாக்டருக்கு அவுக யாருன்னே தெரியாது. நீங்க அவுகளுக்கு எதிர்வீடு.”

சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

தனம் கவுண்டரில், கைக்கெட்டும் தூரத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரத்தக் குப்பிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தாள். பேச்சியம்மாள் படியிறங்கிப் போகும்வரை தலை தூக்கவில்லை.

3 ஏப்ரல்

துணி காயப்போடும் இடத்தில் பிடித்துக் கேட்டேன். “பாத்தியா?”

“பாத்தேன்.” ஒளிக்கவே இல்லை.

“ரிப்போர்ட் எடுக்கத்தானே குடுத்தேன்.”

“நான் அந்தப் பொண்ணு பேரச் சொன்னப்ப உன் மூஞ்சி போன போக்கு எனக்குத் தெரியாதா? இருபது வருசமா பாத்துக்கினு இருக்கேன் இந்த மூஞ்சிய. அதான் பாத்தேன். எம்புள்ள வாழ்க்க. தெரிஞ்சுக்கினே நல்ல குடும்பம்னு சொல்ற. யாரு யாருக்குத் துரோகம் பண்ணது சகாயம்?”

“அது அந்தப் பொண்ணோட விஷயம். சொல்ல எனக்கும் உரிமையில்ல, பாக்க உனக்கும் உரிமையில்ல. வேணாம்னா விட்டுட்டுப் போக வேண்டியதுதானே. ஸ்கூல் வரைக்கும் எதுக்குப் போச்சு?”

“எங்க நாத்தனார்கிட்ட மட்டுந்தான் சொன்னேன். அது அங்க ஆயா வேல பாக்குது. வாய வெச்சுக்கினு இருக்காதுன்னு எனக்கென்ன தெரியும்?”

“சரி. நேத்து அந்தம்மா என்னைக் கேட்டப்ப நீ அங்கதானே இருந்த?”

கிளிப் மாட்டியிருந்த புடவைக்கு இன்னொரு கிளிப் மாட்டினாள்.

பாத்ததைக்கூட விட்டுடுவேன். பெத்தவ பயம்னு நினைச்சுக்குவேன். ஆனா எம்மேல பழி விழறப்ப லேபிள் ஒட்டிக்கினு நின்னாளே— அவ்வளவுதானா நான்? என் ரோஜாவுக்குத் தண்ணி ஊத்தின அதே கைதானே?

4 ஏப்ரல்

குருத்தோலை ஞாயிறு. ஓலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜெபம் வரவில்லை.

5 ஏப்ரல்

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். தனம் பார்த்ததையும், அவளுக்கு வழி திறந்துவிட்டது நான் என்பதையும்.

“உங்கள நம்பித்தானுங்களே குடுத்தேன்” என்றார்.

தனத்திடம் கேட்க நான் வைத்திருந்த வாக்கியம் அது.

தனத்துக்கு வேலை போயிற்று. கம்ப்யூட்டர் இனி புதிதாகச் சேர்ந்த அம்சவல்லி பொறுப்பு. எனக்கு ரத்தம் எடுக்கும் மேசை மட்டும். புது பாஸ்வேர்டு அடிக்கும்போது அம்சவல்லி உடம்பால் மறைத்துக்கொள்கிறாள். அப்படித்தான் செய்ய வேண்டும். இருந்தும் வலிக்கிறது.

சாயங்காலம் பேச்சியம்மாள் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். வாசலில் நின்றே கேட்டார். “இப்ப சொல்லி என்ன செய்ய சிஸ்டர்? எம்புள்ள உள்ளதான் இருக்கா. மெதுவாப் பேசுங்க.”

14 ஜூன்

எதிரெதிர் வாசலில் கோலம் போடும்போது தனமும் நானும் தலையைக் குனிந்துகொள்கிறோம். எங்கள் ஆணியில் இருக்கும் தன் வீட்டுச் சாவியை அவள் திருப்பிக் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை. எங்கள் சாவியை மார்ச்சில் ஊரிலிருந்து வந்தபோதே வாங்கிவிட்டேன்.

20 ஆகஸ்ட்

நித்யா தேதிக்கு வரவில்லை. இப்போது கடலூருக்கு பஸ்ஸில் போய் ரத்தம் கொடுக்கிறாளாம்.

2 செப்டம்பர்

பாலகுமாருக்குக் கள்ளக்குறிச்சியில் கல்யாணம். நேற்றுக் காலை தனம் வீட்டில் எல்லோரும் வேனில் கிளம்பினார்கள். எங்களுக்கு ஒரு வார்த்தை இல்லை. கதவைப் பூட்டியவள், சொல்லிவிட்டுப் போகும் பழக்கத்தில் எங்கள் கேட் வரை வந்துவிட்டாள். சாவியைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனாள்.

பைப் லைன் வேலை என்று நேற்றெல்லாம் தண்ணீர் இல்லை. இன்று காலை விட்டார்கள். ஏதோ குழாயைத் திறந்துபோட்டே போயிருக்கிறார்கள். அவர்கள் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வாசல் வரை வந்து கோலத்தை அழித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர் ஷிப்டில். ஆணியிலிருந்து சாவியை எடுக்கக் கை போனது, நின்றது. அவள் என்னிடம் சொல்லிவிட்டுப் போகவில்லையே. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு போய்த் திறந்தேன்.

சமையலறைக் குழாய். மூடினேன். அரிசி மூட்டையை இழுத்து மேட்டில் வைத்தேன். தண்ணீரைத் தள்ளிவிட்டுத் தரையைத் துடைத்தேன். ஹாலில் மேசைமேல் கல்யாணப் பத்திரிகைகள் மிச்சம் இருந்தன. பெயர் எழுதிக் கொடுக்காமல் விட்டவை போல. மேலே இருந்தது கவிழ்ந்து கிடந்தது. அதில் எங்கள் பெயர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். புரட்டவில்லை.

வெளியே வந்து பூட்டினேன். தண்ணீர் வந்த அதே இடுக்கில் சாவியை வைத்து, விரல் நுனியால் உள்ளே தள்ளிவிட்டேன்.