ஒரு பக்கம் தூக்கித் தைத்த பாவாடை

ஜூன் 4

அன்புள்ள நாத்தனாருக்கு, அண்ணி எழுதுவது.

நீயும் மகள் குருவியும் நலமா? என் உடம்பு தேறிவிட்டது. ஃபோன் அடித்தால் கட் ஆகிறது. நீதான் அமுக்குகிறாய் என்று தெரியாதா எனக்கு? அதனால்தான் எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்றவள் எழுத்து, சிரிக்காதே.

திங்கள்கிழமை கம்பெனிக்குப் போனேன். தைத்து வந்த சட்டைகளைத் திருப்பிப் பார்த்து, கோணல் இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கும் அதே வேலை. முதல் ஸ்டிக்கரை எடுத்ததும் கை நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்து வாசலில் விட்டபோது நீ சொன்னது காதில் கேட்டது. "சட்டையில குறை பாக்குற மாதிரி வயித்துல இருந்த பிள்ளையையும் பாத்துட்டீங்க அண்ணி. அப்போ கால் வளைஞ்ச என் குருவி உங்க கண்ணுக்கு எப்படித் தெரியுறா?"

சண்டைக்கு வரவில்லை. நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நாம் இருந்தபோது உன் அண்ணன் லாரியோடு எங்கேயோ இருந்தார், ஃபோன் கிடைக்கவில்லை. கருவைக் கலைக்கச் சட்டம் கொடுத்த கெடு முடியப் போகிறது என்றார்கள். புருஷன் வந்து கையெழுத்துப் போடட்டும் என்றார் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவர். டாக்டர்கள் ஸ்கேனைப் பார்த்து அவர்களுக்குள்ளேயே பேசிக்கொண்டார்கள். நான் நாற்காலியில் பொட்டலம் மாதிரி கிடந்தேன். நீதான் எழுந்தாய். "இதுல எனக்குத் துளியும் சம்மதம் இல்ல. ஆனா என்கிட்டயும் கேக்காதீங்க, எங்க அண்ணன்கிட்டயும் கேக்காதீங்க. சுமக்குறது அவங்க. அவங்களக் கேளுங்க" என்றாய். அப்புறம்தான் டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, "நீங்க என்னம்மா நினைக்கிறீங்க?" என்றார்.

கல்யாணத்துக்குக்கூட என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன்.

உன் அண்ணி

ஜூன் 15

அண்ணிக்கு,

நன்றியெல்லாம் வேண்டாம். கேட்கச் சொன்னது நான்தான். நீங்கள் கலைக்கச் சொல்வீர்கள் என்று நினைக்கவில்லை. பிள்ளை பிறந்து ஒரு மூச்சு விட்டுவிட்டுப் போயிருந்தாலும் மடியில் வைத்திருப்பேனே.

குருவி பிறந்தபோது காலைப் பார்த்துவிட்டு, "இது எதுக்கு?" என்று சொந்தக்காரர்கள் என் காதுபடவே சொன்னார்கள். முன்பே தெரிந்திருந்தால் கலைக்கச் சொல்லி என்னை நெருக்கியிருப்பார்கள். அந்த நினைப்பில்தான் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டேன்.

அத்தை எங்கே என்று குருவி நச்சரிக்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நாத்தனார்

ஜூன் 24

என் கண்ணு நாத்தனாருக்கு,

கால் வளைந்து பிறந்திருந்தால் இடுப்பை விட்டு இறக்கியிருக்க மாட்டேன். என் பிள்ளைக்கு நுரையீரலே வளரவில்லை. பிறந்தால் மூச்சுக்குத் தவித்தே போய்விடும் என்றார்கள். "அதுக்கு வலிக்குமா?" என்று கேட்டேன். "தெரியலம்மா" என்றார் டாக்டரம்மா. அந்தத் தவிப்பை அதற்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவ்வளவுதான்.

அது உதைத்தது எனக்குத் தெரியும். பால் கட்டிக்கொண்டு துணி நனைந்தது. பிள்ளை இல்லை என்று மாருக்கு யார் சொல்வது? வருத்தம் இருக்கிறது, சாகும்வரை இருக்கும். ஆனால் அது நான் எடுத்த முடிவு. யாரோ என் தலையில் கட்டியது இல்லை. அதற்கு உன்னைக் கும்பிடுகிறேன்.

நீ சரி என்று சொல்ல வேண்டாம். நாளைக்கு உன்னையோ வேறு ஒருத்தியையோ கலைத்தே ஆக வேண்டும் என்று நெருக்கினால், நீ எனக்கு நின்ற மாதிரி நான் வந்து நிற்பேன்.

அண்ணி

ஜூலை 2

அன்புள்ள அண்ணிக்கு,

குருவிக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. உங்கள் முகத்தில் விழிக்கக் கூச்சப்பட்டு, யூனிஃபார்ம் பாவாடைத் துணியைக் கடைத்தெரு டெய்லரிடம் கொடுத்தேன். மனுஷன் அளந்து, விளிம்பு பிசகாமல் நேராகத் தைத்துக் கொடுத்தார். போட்டு நடந்தால் ஒரு பக்கம் தொங்கி வழிகிறது. நீங்கள் போன வருஷம் தைத்ததை எடுத்து விரித்துப் பார்த்தேன். அவள் சாய்ந்து நடக்கிற பக்கம் ஒரு விரல் தூக்கித் தைத்திருக்கிறீர்கள். அதனால்தான் அவள் மேல் நேராக நிற்கிறது. இத்தனை வருஷம் எனக்குத் தெரியவே இல்லை.

குருவியைக் கேட்டேன். "அது எனக்கும் அத்தைக்கும் எப்பவோ தெரியும். நீதான்மா லேட்டு" என்கிறாள். வாயைப் பார்த்தீர்களா, உங்கள் வளர்ப்பு.

நீங்கள் செய்தது சரி என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் உங்கள் கண்ணுக்கு என் குருவி எப்படித் தெரிகிறாள் என்று இனிக் கேட்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை துணியோடு வருகிறோம். அன்றைக்கு எல்லோரையும் கேட்கச் சொன்னேனே தவிர, நான் உங்களை ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளைக்கு என்ன பெயர் நினைத்து வைத்திருந்தீர்கள் அண்ணி? சொல்ல மனசிருந்தால் சொல்லுங்கள்.

உங்கள் நாத்தனார்