யோகன் தந்த இரண்டு போல்ட்

வியாழன், இரவு.

டீச்சரின் பழைய மொறிஸ் மைனர் காரின் எஞ்சினை நான் பிரித்து ஒரு மாதமாகிறது. எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டைப் பிடிக்கும் போல்ட்டுகளில் இரண்டு கழற்றும்போதே முறிந்துவிட்டன. இந்தக் காருக்கு அங்குலப் புரி போல்ட் வேண்டும்; இப்போது கடைகளில் கிடைப்பதெல்லாம் மில்லிமீற்றர் புரி. இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகிவிடும். வவுனியாவில் ஒரு பழைய இரும்புக்கடையையும் நான் விடவில்லை. பரந்தனில் கராஜ் வைத்திருக்கும் யோகனிடம் மட்டும் கேட்கவில்லை. இருவரும் ஒரே இடத்தில்தான் வேலை பழகினோம். இன்று ஊரெல்லாம் அவன் பெயர்தான்.

காலையில் டீச்சரே இரண்டு போல்ட்டுகளைக் கொண்டுவந்து என் கராஜ் மேசையில் வைத்தார்.

"யோகன் தம்பி தந்தவர். கேட்ட உடனை எடுத்துத் தந்திட்டார். தங்கமான பிள்ளை."

பொருந்தக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் முறுக்கினேன். விரலாலேயே அடிவரை இறங்கின.

இன்னும் எத்தனை பதுக்கி வைத்திருக்கிறான் என்று பார்க்கத்தான் பின்னேரம் அவனுடைய கராஜுக்குப் போனேன். பெட்டி நிறையப் போல்ட் இருக்கும் என்று நினைத்தேன். ஒன்றுமில்லை. தன் சொந்தக் காருக்கென்று அவன் கட்டிக்கொண்டிருக்கும் மொறிஸ் எஞ்சின் கவிழ்ந்து கிடந்தது. அதன் நடுவில், கிராங்கைப் பிடிக்கும் இடத்தில், இரண்டு போல்ட் துளைகள் வெறுமையாக இருந்தன.

"என்னட்டை முதலே கேட்டிருக்கலாமே, மச்சான்," என்றான்.

"ஓம்," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நன்றிகூடச் சொல்லவில்லை.

அவன் பதுக்கி வைத்திருந்தால், இந்நேரம் நிம்மதியாக நித்திரை கொண்டிருப்பேன்.