கட்டைச் சத்தம் நிற்காத இரவு

ஒன்பதாம் மாதம், 21
விளக்கேற்றத் தடை. பொழுது சாய்வதற்குள் எழுதியாக வேண்டும். தெருவில் இருவர் நின்று பேசக் கூடாது. அடுத்த வீட்டாரோடு உட்கார்ந்து உண்ணக் கூடாது. மீறினால் தலை போகும். அப்பா இறந்ததும் பேரரசரைக் கேளாமலே பதவியில் உட்கார்ந்துகொண்டவர் எங்கள் சாய்ச்சோ ஆளுநர். மக்கள் பேசிக்கொண்டால் கலகம் வருமாம். கலகம் செய்தது யார்?

ஒன்பதாம் மாதம், 28
எதிர்வீட்டு ஷியே அக்கா வாசல் பெருக்கினாள். நானும் பெருக்கினேன். குனிந்தபடியே பேச்சு.
"மூணு வருஷமா சண்டை. பேரரசர் விடற மாதிரி தெரியல. நம்ம தளபதிங்க ஒவ்வொருத்தரா அந்தப் பக்கம் போறாங்களாம்."
"போனவங்கள வெட்டலியா?"
"சோறு போட்டு, கத்தியத் திருப்பிக் கொடுத்து, வழி காட்டச் சொல்றாங்களாம்."
நம்ப முடியவில்லை. ஊர் விழுந்தால் கைக்குழந்தையைக்கூட விடமாட்டார்கள் என்றல்லவா ஆளுநரின் ஆட்கள் சொல்கிறார்கள்?

பத்தாம் மாதம், 9
அரிசி தீர்ந்தது. மறுபடி தாமரைக் கிழங்கு. என் கணவர் லூ பிங் தோலைக்கூட விடாமல் தின்றார். திட்டியிருந்தால் தேவலை.

பத்தாம் மாதம், 15
பனிப்புயல். மரங்கள் முறிகின்றன. வெளிவாசல் மதிலில் இரவில் நாழிகைதோறும் மரக்கட்டை தட்டி ஊருக்கு நேரம் சொல்வது என் கணவரின் வேலை. "இந்தக் குளிர்ல எவன் சண்டைக்கு வருவான்? காவல் பசங்க சுருண்டு படுத்துடுவானுங்க. நான் மட்டும் முழிச்சிருக்கணும்" என்று புலம்பிக்கொண்டே போனார்.

பத்தாம் மாதம், 16
விடியறப்போ தெருவெல்லாம் பேரரசரோட படை. ராத்திரி பூரா கட்டைச் சத்தம் கேட்டுதே. அவர்தான் தட்டறார், ஊருக்கு ஒண்ணுமில்லன்னு தூங்கிட்டேனே — வெளிவாசல் காவல் மொத்தத்தையும் கொன்னுட்டாங்களாம். அப்படீன்னா தட்டினது யாரு? அவர் எங்க?

பத்தாம் மாதம், 17
வந்துவிட்டார். உயிரோடு.
அடுப்பருகே உட்கார்ந்ததும் சொன்னார்: "மதில் ஏறி வந்தவன் ஒருத்தன் கழுத்துல கத்திய வெச்சு, எப்பவும் போல தட்டுன்னான். தட்டினேன். பசங்க காலடியில கெடந்தாங்க. தட்டிக்கிட்டே இருந்தேன்."
வெந்நீர் வைத்து, விறைத்த கைகளைத் தேய்த்துவிட்டேன். சத்தம் நின்றிருந்தால் ஊரே விழித்திருக்கும், தெருத்தெருவாகப் பிணம் விழுந்திருக்கும் என்றேன். காதில் ஏறியதா தெரியவில்லை. அந்தப் பையன்களின் தாய்மார் இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனாலும் இவர் வந்துவிட்டார். இதை எழுத எனக்கு வெட்கமில்லை.

பத்தாம் மாதம், 18
நேற்று, ஆளுநர் பதுங்கியிருந்த உள்கோட்டையின் கதவை எரித்தார்கள். விறகு சுமந்தது எங்கள் ஊர் ஜனம். ஆளுநர் ஏணி வழியாக இறங்கி வந்து சரணடைந்தார். தலைநகருக்கு வண்டியில் கொண்டுபோகிறார்கள். அதன்பின் யாரையும் வெட்டவில்லை. அவருடைய சமையல்காரர், லாயக்காரரைக்கூடப் பழைய வேலைக்கே போகச் சொல்லிவிட்டார்கள்.
ஷியே அக்கா நடுத்தெருவில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கி ராத்திரி படை நடக்கற சத்தம் கேக்கக் கூடாதுன்னு குளத்துல கெடந்த என் வாத்துங்கள அடிச்சுக் கத்த விட்டிருக்கானுங்க. ஒண்ணும் முட்டை போடமாட்டேங்குது. யாருகிட்ட கேக்கறது, பேரரசர்கிட்டயா?"
சிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது, தெருவில் நின்று பேசுகிறோம். யாரும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் பேசினோம்.

பத்தாம் மாதம், 26
பேரரசரின் அமைச்சர் வந்து தடைகளையெல்லாம் நீக்கினார். தன் கூடாரத்துக்கு எங்கள் ஊர் வீரர்களையே காவல் வைத்திருக்கிறார். லூ பிங்கும் போனார்.
"போன வாரம் வரைக்கும் நான் எதிரி. என் கையில ஈட்டியக் கொடுத்துட்டு, முதுகக் காட்டிக்கிட்டுத் தூங்கறார் அந்த மனுஷன்."
அன்றைக்குப் பிறகு இன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார்.

புது வருடம், இரண்டாம் மாதம், 6
வடக்கே இதேபோல் எதிர்த்து நின்ற இன்னொரு ஆளுநர், படை வருமுன்னே மகன்களைப் பேரரசரிடம் பிணையாக அனுப்பச் சம்மதித்துவிட்டாராம். அங்கே யாரும் சாக வேண்டாம்.
சண்டை தொடங்கிய பின் முதல் தடவையாக அம்மா ஊருக்குக் கிளம்பினோம். எல்லைச் சாவடியில் பேரரசரின் வீரன் ஒருவன் மறித்தான்.
"எந்த ஊரு?"
லூ பிங் தலையைக் குனிந்துகொண்டார். "சாய்ச்சோ" என்றேன் நான்.
எங்களை ஏற இறங்கப் பார்த்தான்.
"மேல பாலம் ஒடைஞ்சிருக்கும்மா. ஆத்தோரமா சுத்திப் போங்க."
சுற்றித்தான் போனோம்.